லீடர் வண்டிக்கு ஒட்டாத பச்சை ஸ்டிக்கர்

பைக் சாமான் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும்: வண்டிக்கு வேண்டியதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு, வண்டியோடு நின்று ஃபோட்டோ எடுக்க வேண்டியதைக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

நான் பன்னிரண்டாவது முடித்ததோடு சரி. காலேஜ் வேண்டாம் என்று சொன்னதற்கு வீட்டில் கொஞ்ச நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்புறம் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், திண்டுக்கல் பைபாஸ் பக்கம் வைத்திருக்கிற கடையில் சேர்ந்துவிட்டேன். முன்னால் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை. பின்னால் பட்டறை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, "சார், இது உங்க வண்டிக்குச் சேராது" என்று நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை வறண்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

ஆயுத பூஜை முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கடை சார்பில் கொடைக்கானலுக்கு ரைடு என்று மச்சான் அறிவித்தார். வருகிற வண்டிகளை எல்லாம் முன்கூட்டியே கடையில் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு பச்சை ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இல்லாத வண்டி மலை ஏறாது. சோதிக்கிற வேலை எனக்கு. அதற்குப் பதிலாக, கடை வண்டியை எடுத்துக்கொண்டு கடைசி வண்டியாக நானும் வரலாம். கடைசி வண்டி என்றால், வழியில் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டே பின்னால் வருவது. லைசென்ஸ் கைக்கு வந்தும் நான் அதுவரை சின்னாளபட்டியைத் தாண்டியதில்லை.

அப்பா வத்தலக்குண்டு போகிற பஸ்சில் கண்டக்டர். போகட்டுமா என்று கேட்டதற்குச் சொன்னார்: "எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாக்குற வேலைதான? அது நம்ம தொழிலு. போயிட்டு வா. ஆனா ஒரே ஒரு தடவை. ரைடு நின்னுபோச்சுன்னா பேச்சும் அதோட நின்னுபோச்சு."

ஆக, அந்த ரைடு நடந்தாக வேண்டும். என் தலையெழுத்து இப்படிப்பட்டவர்கள் கையில் இருந்தது:

போலீசுக்கு ஒரு ஹெல்மெட்

கன்னிவாடியிலிருந்து கத்திரிக்காய் ஏற்றி வருகிற பெரியசாமி அண்ணனுக்கும் ரைடுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவருடைய மொபெட்டில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை. நடுவில் அவர் இருக்கிறார் என்று நாம்தான் நம்பிக்கொள்ள வேண்டும். முக்கில் போலீஸ் பிடித்துவிட்டது என்று நேராகக் கடைக்கு வந்தார். இருப்பதிலேயே லேசான ஹெல்மெட்டை எடுத்தார்.

நான் அதைத் தட்டிக் காட்டினேன். கொட்டாங்குச்சி சத்தம் வந்தது. "அண்ணே, இத மாட்டுறதுக்குத் தலையில சோத்துச் சட்டியக் கவுத்துக்கிட்டுப் போகலாம்" என்று சொல்லி, கெட்டியான ஒன்றை எடுத்து அவர் தலையில் நானே மாட்டி, வாரையும் பூட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். வாங்கினார். வாசலுக்குப் போனதும் கழற்றி ஹேண்டில் பாரில் தொங்கவிட்டார். நான் முறைத்தேன்.

"ஏன் பாப்பா கோவிக்கிற? இது தலைக்கு இல்ல, போலீசுக்கு. அவரு நிக்கிற முக்குல மாட்டுவேன், அடுத்த முக்குல கழட்டிருவேன்."

பனிமலை வழி தாடிக்கொம்பு

செந்தில்நாதன் சாருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, மீதி நேரத்தில் பனி. சக்கரத்துக்குப் பதிலாக முன்னால் சறுக்குப் பலகையும் பின்னால் பெரிய பெல்ட்டும் வைத்த வண்டியில், வெள்ளைக்காரர்கள் பனிமேல் பறக்கிற வீடியோக்களாகப் பார்ப்பார். ஒன்றை எனக்கும் காட்டி, "இவன் போட்டிருக்கான் பாரு, அந்த மாதிரி ஜாக்கெட் வேணும்" என்றார். உள்ளே கம்பளி வைத்த ஜாக்கெட் ஒன்று யாரும் சீந்தாமல் அலமாரியில் கிடந்தது. "சார், இதப் போட்டுக்கிட்டு வத்தலக்குண்டு தாண்டுறதுக்குள்ள வெந்துருவீங்க" என்றேன். கவுண்டருக்குக் கீழே மச்சான் என் காலை மிதித்தார். ஜாக்கெட் விற்றுவிட்டது.

அடுத்த நாள் புரட்டாசி சனிக்கிழமை. மனிதர் அதே ஜாக்கெட்டில் தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போய், வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, நேராகக் கடைக்கு வந்தார். முகம் பீட்ரூட். ஜிப்பை இழுத்துவிட்டேன். இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது. அவர் வண்டியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஓட்டியிருந்தால்தானே குறை வரும்? ஸ்டிக்கர் ஒட்டினேன். ஜாக்கெட்டைத் திருப்பித் தந்துவிடுங்கள், மச்சான் திட்டினாலும் பரவாயில்லை என்றேன். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பழகிக்கணும்ல பாப்பா? நாளப்பின்ன லடாக் போறப்ப திடீர்னு மாட்டுனா ஒடம்பு தாங்காது."

புல் மேயாத ஆடு

ரைடுக்கு ஜாக்கெட் கட்டாயம் என்று மச்சான் சொல்லியிருந்ததால், அன்வர் தன் அத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அத்தா தோல் மண்டி வைத்திருக்கிறவர். 'சுத்தமான தோல்' என்று லேபிள் தொங்கிய கறுப்பு ஜாக்கெட்டை அன்வர் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. பாய் லேபிளைப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டின் கையை நகத்தால் அழுத்தினார். மோந்து பார்த்தார். "கம்பெனி சரக்கு பாய்" என்று மச்சான் சிரித்தார். பாய் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்றார்.

என்னைக் கேட்டால் நான் சொல்லிவிடுவேன். "எனக்கே சந்தேகந்தான் பாய், ரெக்சினா இருக்கும்" என்றேன். மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. கடைசியில் முழங்கைக்கும் தோளுக்கும் கெட்டியாகப் பேட் வைத்த துணி ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே விழுந்தால் அதுதான் காப்பாற்றும். அன்வர் வண்டி பிரேக்கும் சரி, டயரும் சரி, ஸ்டிக்கர். போகிற போக்கில் பாய் அந்தக் கறுப்பு ஜாக்கெட்டை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

"இந்த ஆடு எந்த ஊர்ல மேஞ்சதும்மா? அங்கிட்டுப் புல்லே இல்ல போல, பெட்ரோலத்தான் குடிச்சு வளந்துருக்கு."

சத்தம் நின்ற பிரேக்

எங்கள் ஊரில் பூஜை போடுகிறவர்கள் வண்டியில் ஓர் இடம் பாக்கி வைப்பதில்லை. ஹெட்லைட்டுக்குச் சந்தனம், டேங்குக்குச் சந்தனம், சக்கரத்தின் நடுவில் பளபளவென்று ஒரு தட்டு இருக்கிறதே, பிரேக் கட்டை கவ்விப் பிடிக்கிற தட்டு, அதற்கும் சந்தனம், மேலே குங்குமம். பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்தும். கத்தத்தானே செய்யும்? அந்த வாரம் முழுக்க, ஊரே சாமி கும்பிட்ட சந்தனத்தை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

லீடர் வண்டி மட்டும் கத்தவில்லை. லீடர் டைல்ஸ் கடை முதலாளி. அவரை யாரும் லீடராகத் தேர்ந்தெடுக்கவில்லை. குழுவுக்கு டி-சர்ட் அடிக்கக் கொடுத்தவர் அவர், அப்படியே தன் முதுகில் 'லீடர்' என்று போட்டுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளாக, இருப்பதிலேயே பெரிய வண்டியில் வந்தார். வண்டியைத் தள்ளிப் பிரேக்கை அமுக்கினேன். நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் இரண்டு தட்டும் எண்ணெயில் மினுங்குகிறது. "என்ன சார் இது?" என்றேன். "கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேய ரெண்டு பக்கமும் நல்லா அடிச்சு விட்டேன். இப்பப் பாரு, கப்சிப்" என்றார், பெருமையாக.

கட்டை முழுக்க எண்ணெய் ஊறிவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். அந்த வண்டிக்குக் கட்டை மதுரையிலிருந்துதான் வரும், திங்கட்கிழமைதான் வரும். "ஸ்டிக்கர் கிடையாது சார்" என்றேன். "லீடர் இல்லாம ரைடா? அப்ப கேன்சல்னு போட்டுருவேன்" என்று போனை எடுத்தார். மச்சான் என்னைப் பட்டறைக்குள் இழுத்துப்போய், "ஒட்டி விடு பாப்பா, அவரு மெதுவாத்தான் போவாரு. ஆளச் சேத்ததே அவருதான்" என்றார். ஸ்டிக்கர் என் கையில்தான் இருந்தது. ஒட்டினால் நாளைக்கு நான் மலையில் இருப்பேன். ஒட்டினால் அவரும் மலையில் இருப்பார், இறக்கத்தில், பிரேக் இல்லாமல். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஸ்டிக்கரைக் கசக்கி டவுசர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "முடியாது சார்" என்றேன். லீடர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சத்தம் போட்டாலும் குறைங்குற, சத்தம் போடாட்டியும் குறைங்குற. உனக்கு என்னதாம்மா வேணும்?"

தானே ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கர்

கேன்சல் என்று அவர் போடவில்லை. ஞாயிறு விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார், எப்படி நிறுத்தினாரோ. ஹெட்லைட்டுக்கு மேலே பச்சை ஸ்டிக்கர்! எங்கள் ஸ்டிக்கரைவிட இரண்டு மடங்கு பெரிசு, டி-சர்ட் அடித்த இடத்திலேயே ராவோடு ராவாக அடித்திருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்கள். மச்சான் வானத்தைப் பார்த்தார். நான் கடை வண்டியைக் கொண்டுபோய் அவர் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினேன். "தள்ளிக்கிட்டு வந்து பிரேக்க அமுக்கிக் காட்டுங்க சார். நின்னுச்சுன்னா நானே கும்புட்டு வழி விடுறேன்" என்றேன்.

லீடர் தள்ளுவாரா? ஏறி உட்கார்ந்தார். டீக்கடை வரை போய்த் திரும்பி, அன்வர் எடுக்கிற வீடியோவுக்காக ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மெதுவாகத்தான் வந்தார். கடைக்கு நேரே பிரேக் பிடித்தார். முன்னால் பிடித்தார், பின்னால் மிதித்தார். வண்டி காதே கேட்காத மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அங்கே பெரியசாமி அண்ணன் மொபெட்டை நிறுத்தி மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். முக்கில் போலீஸ் நின்றதால் நல்லவேளையாக ஹெல்மெட் தலையில் இருந்தது. லீடர் நேராகப் போய் மூட்டையில் முட்டினார். மூட்டை வெடித்தது. மொபெட் ஒரு பக்கம், லீடர் ஒரு பக்கம், ரோடு பூராவும் கத்திரிக்காய். அண்ணன் சாய்ந்த வேகத்தில் தலை கல்கட்டில் மோதி 'டங்'கென்று கேட்டது. நான் ஓடினேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லீடர் எழுந்து, "ரோட்டுல மண்ணு கெடக்கு" என்று ரோட்டைத் திட்டினார். அண்ணன் உட்கார்ந்தபடியே ஹெல்மெட்டைக் கழற்றினார், அதில் விழுந்த கீறலைத் தடவினார், என்னைப் பார்த்தார்.

"போலீசுக்கு மட்டும்னு நெனச்சு வாங்குனேன் பாப்பா. லீடரும் வருவாருன்னு நீ சொல்லவே இல்லையே."

முன்னால் நான், பின்னால் லீடர்

கத்திரிக்காயைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தோம். நசுங்கியது எல்லாம் லீடர் வீட்டு வெஞ்சனத்துக்கு என்று முடிவானது. அப்புறம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லீடர் இல்லாமல் போகலாமா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ரைடு போச்சு என்று நான் கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். காப்பாற்றியவர் செந்தில்நாதன் சார். பனி ஜாக்கெட்டுக்குள் நின்றுகொண்டு, "போறதுன்னா சட்டுன்னு கெளம்புங்கப்பா, எனக்கு உள்ள வேகுது" என்றார். எல்லா வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

லீடர் வண்டி பட்டறைக்குள் போனது. அவர் யார் பின்னால் ஏறுவது? எல்லா வண்டியிலும் பின்சீட்டில் மூட்டை முடிச்சு. காலியாக இருந்தது கடைசி வண்டி ஒன்றுதான். மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் வலது கால் காற்றை மிதித்தது. "பாப்பா பிரேக்கு, பாப்பா பிரேக்கு" என்றார். "என் வண்டில இருக்கு சார்" என்றேன். டம் டம் பாறையில் நிறுத்தியதும் குதித்து இறங்கி, "லீடர்னா கடைசியாத்தான் வரணும், அப்பத்தான் எல்லாரும் கண் பார்வையில இருப்பாங்க" என்று விளக்கினார். பிறகு என் வண்டியில் தனியாக ஏறி ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தார். ஃபோட்டோ எடுத்தவள் நான்தான்.

மறுநாள் அந்தப் படம் ஸ்டேட்டஸில் சுற்றி அப்பா போனுக்கும் வந்தது. "என்ன, அந்தாளுதான் ஓட்டுனானா? நீ ஓட்டலையா?" என்று குரலை உயர்த்தினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், அழுததைக்கூட, அடுத்த மாசமும் ரைடு என்று மச்சான் அறிவித்ததைக்கூட. ஒரே தடவை என்று சொன்ன மனிதர். அந்தத் தடவை தீர்ந்துவிட்டது. இனிமேல் எனக்குச் சின்னாளபட்டிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்தப் படத்தை விரலால் பெரிசாக்கி, லீடர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மதுரையிலேர்ந்து பிரேக்கு வந்துருச்சா? வரலைன்னா அடுத்த மாசமும் நீதான் கூட்டிட்டுப் போகணும். பாவம்ல மனுசன்."

இந்தத் தொழிலில் பிரேக் இல்லாத வண்டியைக்கூட ஒரு கத்திரிக்காய் மூட்டை வைத்து நிறுத்திவிடலாம், பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வண்டி ஓட்டுகிறவரை நிறுத்தத்தான் எந்தக் கம்பெனியும் இன்னும் சாமான் செய்யவில்லை.