ஏனோக் வைத்துவிட்டுப் போன பூட்டு

ஹெஸ்பா கெர்ஷாவைத் தெரியாத ஒருவர் எங்கள் ஊர் ராட்டன்ஷாவில் இருந்தால், அவர் அன்று காலைதான் பிறந்திருக்க வேண்டும். பருத்தி ஆலையில் ஒரே ஆளாக நான்கு தறி ஓட்டியவள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். சிரித்தால் பக்கத்து வீட்டு அலமாரியில் கோப்பைகள் ஆடும்.

எங்கள் தறிக்கூடத்துச் சத்தத்தில் கடவுளே இறங்கி வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. அதனால் எங்கள் ஊர் நெசவுக்காரப் பெண்கள் குரலில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். அதைக் கண்ணால் கேட்பார்கள். இந்த வித்தையில் ஹெஸ்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. எதிர்க் குன்றின் வேலியோரம் இரண்டு பேர் நின்று யாரைத் திட்டுகிறார்கள் என்பதை டிராமில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். ரொட்டிக்காரனின் குதிரை முனகிய கெட்ட வார்த்தையைக்கூட அவள் படித்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. நான் குதிரையை விசாரிக்கவில்லை.

அவளுக்கு அடுத்த தறியில் நின்றவள் செலினா ஹாவர்த். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச வேலை செய்தவர்கள். தலைவலி, வாடகை, மாமியார், மாதவிலக்கு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பேசித் தீர்த்தவர்கள். ஒருநாள் செலினா தறியடியிலேயே மயங்கி விழுந்தாள். எழுந்தபோது, போரில் செத்துப்போன மேஸ்திரியின் குரலில் பேசினாள் என்றார்கள். அதன்பின் அவள் ஆலைக்கு வரவில்லை, செத்தவர்களோடுதான் வேலை. செத்தவர்கள் விடியற்காலையில் சங்கு ஊதிக் கூப்பிடுவதில்லை.

அப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சுவரில் சிப்பாய் உடுப்பில் ஒரு பையன் படமாகத் தொங்கினான். கூட்டுறவுக் கடை மாடியில், செத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசும் ஆவியாளர் சபை கூடினால், கீழே மாவும் வெண்ணெயும் வாங்க வருகிற கூட்டத்தைவிட மாடிக் கூட்டம் பெரியது. செலினாவிடம் இருந்தவை ஒரு தகரக் குழலும், எழுத்துகள் எழுதிய ஒரு பலகையும். குழல் இருட்டில் பேசும். பலகைமேல் விரல் வைத்தால் சிறு முக்காலி நகர்ந்து எழுத்தெழுத்தாகத் தொட்டுச் சொல்லும். குரல் கெடாமலிருக்க எப்போதும் வாயில் ஒரு சோம்பு மிட்டாய் அடக்கிக்கொள்வாள். அவள் தெருமுனை திரும்பும்போதே வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஹெஸ்பாவின் கணவன் ஏனோக்குக்கு அந்த வாசனையே ஆகாது. செலினா வந்துவிட்டுப் போனால் சன்னல்களைத் திறந்து வைப்பான். கிறிஸ்துமஸ் ரொட்டியில்கூடச் சோம்பு போடக்கூடாது. அவன் ஆலையின் கொதிகலன்காரன். படிப்பாளி. சபையில் எல்லாரும் கண்ணீர் விடும்போது அவன் மட்டும் குழலின் அடியைத் தடவிப் பார்ப்பான். "நம்புறது வேற, நிரூபிக்கிறது வேற" என்பான். இதைச் சொல்லும்போது ஒரு பேராசிரியரைப்போல மூக்கை உயர்த்திக்கொள்வான். ஹெஸ்பாவுக்கு அந்த மூக்கின்மேல் தனி மரியாதை.

வருஷத்தில் ஒரு வாரம் ஆலை மொத்தமும் நிற்கும். ஊர் மொத்தமும் பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும். அந்த ரயில் போனபின் பாரம் குறைந்து எங்கள் பள்ளத்தாக்கே ஒரு சாண் மேலே எழும்பும் என்பார்கள். ஹெஸ்பா தங்கை தாமாரோடு போவாள். ஏனோக் போகமாட்டான், ஆலை நிற்கிற வாரத்தில்தானே கொதிகலனுக்குள் இறங்கிச் சுரண்ட முடியும். செலினாவும் போகமாட்டாள்; கடற்காற்று ஆவிகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். திரும்பி வரும்போது ஹெஸ்பா இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மிட்டாய்க் கோல் வாங்கி வருவாள்.

கரிப்புகை கடைசியில் ஏனோக்கின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. படுக்கையோடு படுத்தபின் ஒருநாள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தான். சாவி கிடையாது. ஐந்து வளையங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் எழுத்துகள். சரியான சொல் வரிசையில் நின்றால்தான் திறக்கும்.

"ஏ புள்ள, ஒரு சொல்லை வச்சுப் பூட்டிட்டேன். யாருக்கும் தெரியாது. நான் செத்தப்புறம் வந்து சொல்றேன். திறந்துச்சுன்னா நான் இருக்கேன்னு அர்த்தம்."

"உசுரோட இருக்கும்போதே பால் வாங்கப் போனா மறந்துட்டு வெறுங்கையா வர்ற ஆளு நீங்க. செத்தப்புறம் சொல்லு ஞாபகம் இருக்குமாக்கும்?"

"இது மறக்காது."

"என் பேரா?"

"சொன்னா அப்புறம் அது என்ன சோதனை? ஆனா உன்கிட்ட மட்டும்தான் வருவேன். வேற யார்கிட்டயும் போகமாட்டேன், சத்தியம்."

பனி உருகுவதற்குள் போய்விட்டான்.

ஹெஸ்பா பூட்டை அடுப்பங்கரை ஆணியில் மாட்டினாள். வேலை முடிந்து வந்ததும் தேநீர் ஊற்றிக்கொண்டு, அன்றைக்கு மனதில் எழுந்த சொல்லைத் திருப்பிப் பார்ப்பாள். தன் பெயர் திறக்கவில்லை. செத்துப்போன நாயின் பெயர் திறக்கவில்லை. கல்யாணம் நடந்த தெரு, அவன் ஆட்டுக்குட்டிபோலக் கத்திப் பாடுகிற துதிப்பாட்டின் முதல் சொல், அவன் விரும்பித் தின்கிற பன்றிக்குடல், எதற்கும் அசையவில்லை. கோபம் வந்த நாளில் கெட்ட வார்த்தைகளையும் வைத்துப் பார்த்தாள். தோற்றுப்போவதில் அவளுக்கு வருத்தமில்லை. தேடுகிற நேரமெல்லாம் அவன் எதிரே உட்கார்ந்து மீசைக்குள் சிரிக்கிற மாதிரி இருந்தது.

இன்னொன்றில் அவளுக்குப் பெருமையே உண்டு. ஊரில் எல்லாருடைய செத்தவர்களையும் கூட்டிவந்த செலினா, ஏனோக்கை மட்டும் கூட்டிவரவில்லை.

"கூப்பிட்டா வர மாட்டேங்குறாரு கண்ணு" என்பாள் செலினா, தன் கைவிரல்களைப் பார்த்தபடி.

ஹெஸ்பா இதைத் தறிக்கூடம் முழுக்க உதட்டால் பரப்பினாள். "எல்லாத்து வீட்டு ஆம்பளையும் செத்ததும் செலினாகிட்ட ஓடுறானுங்க. என் ஆளு ஒருத்தர்தான் வாக்குத் தவறாதவரு."

இந்தச் சமயத்தில் மான்செஸ்டரிலிருந்து டாக்டர் பார்ஜெட்டர் வந்தார். ஆவிகள் பேசுவதை அறிவியல் முறையில் ஆராய்கிற ஒரு கழகத்தைச் சேர்ந்தவர். மெலிந்த மனிதர், வீட்டுக்குள்ளும் கழுத்துத்துணியை அவிழ்க்கமாட்டார். ஏற்கெனவே இரண்டு ஊர்களில் குழலுக்குள் ஒளித்திருந்த ஊதலைக் கண்டுபிடித்துப் பத்திரிகையில் போட்டிருந்தார். செலினாவைச் சோதிக்க வந்தவரின் காதில் பூட்டின் கதை விழுந்தது. அப்படி ஒரு சோதனைக்காகத் தன் கழகம் தவம் கிடப்பதாகச் சொல்லி ஹெஸ்பாவின் வீட்டு வாசலில் நின்றார்.

"அவரு என்கிட்டதான் வருவேன்னாரு டாக்டர்."

"சரி, நீங்களும் உக்காருங்க. பலகையில உங்க விரலும் இருக்கட்டும், அவங்க விரலும் இருக்கட்டும். யாரு வழியா வந்தா என்ன, வந்தா போதாதா?"

அவளுக்குப் போதாதுதான். ஆனாலும் ஏனோக் நிரூபணம் கேட்டவன். இந்த மனிதரும் அதையேதான் கேட்கிறார். சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திரைகளை எல்லாம் விலக்கச் சொன்னார் டாக்டர். தகரக் குழல் கூடாது, இருட்டு கூடாது, பாட்டுக் கூடாது. செலினாவின் கைமடிப்புகளை உதறச் சொன்னார், கொண்டையை அவிழ்க்கச் சொன்னார், கடைசியில் சின்ன விளக்கை அடித்து வாய்க்குள் பார்த்தார்.

"அது என்னங்க?"

"தொண்டைக்கு."

"துப்பிடுங்க, தயவு செஞ்சு."

பாதி கரைந்த சோம்பு மிட்டாய் ஒரு சாசரில் விழுந்தது. டாக்டர் அதைக் கணப்பு அடுப்பின் மேல்தட்டில் பத்திரமாக வைத்தார். தாமார் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள். அவள் இறைச்சிக் கடையில் வேலை செய்பவள். உதட்டுப் பேச்சு தெரியாது.

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து முக்காலியின்மேல் விரல் வைத்தார்கள். அது நகரவில்லை. தேநீர் கொதித்து, ஊற்றி, ஆறியும் போனது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மிசஸ் ஹாவர்த், உங்களை அவமானப்படுத்த நான் வரலை. ஆனா நடந்ததை நடந்தபடி எழுதித்தான் ஆகணும்."

செலினாவின் கண்கள் மூடியிருந்தன. முகம் மாவு பூசியதுபோல் வெளுத்தது. அவளுடைய சோறே அந்த அறிக்கையில் இருந்தது. அப்போது அவளுடைய உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. தறிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைப்பும் உதடும் ஒன்று. தனியாக அழும்போதும் உதடு பேசும். எதிரே உட்கார்ந்திருப்பதும் ஒரு நெசவுக்காரி என்பதை அந்த நேரத்தில் செலினா மறந்துபோனாள்.

"மன்னிச்சிரு ஏனோக். எனக்கு வேற வழியில்ல. நீ வச்ச பேரைச் சொல்லிர்றேன்."

ஹெஸ்பா படித்தாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. வாக்குத் தவறி இவளிடம் வந்துவிட்டானா என்றுதான் நினைத்தாள். அதுவே நெஞ்சில் குத்தியது. அதற்குள் முக்காலி நகர ஆரம்பித்தது. அது எந்தப் பக்கத்திலிருந்து தள்ளப்படுகிறது என்பது விரலுக்குத் தெரிந்தது. ஒன்று, இரண்டு என ஐந்து எழுத்துகளைத் தொட்டுவிட்டு நின்றது. சேர்த்துப் படித்தால் சோம்பு. எங்கள் மொழியில் அது ஐந்தெழுத்து.

டாக்டர் ஆணியிலிருந்து பூட்டை எடுத்து வளையங்களைத் திருப்பினார். க்ளக் என்று திறந்துகொண்டது.

"சோம்பா!" தாமார் கத்தினாள். "அக்கா, அந்த வாசம் அடிச்சாலே அத்தான் மூஞ்சியைச் சுளிச்சுட்டு ஓடுவாரே!"

"அதனாலதாம்மா அதை வச்சிருக்காரு!" டாக்டர் கழுத்துத்துணியை அவிழ்த்தே விட்டார். "அவரோட பழகின யாராலும் ஊகிக்க முடியாத சொல்லு. எப்பேர்ப்பட்ட மூளை!" மேசையில் குனிந்து வேகமாக எழுத ஆரம்பித்தார்.

ஹெஸ்பாவின் கண் கணப்பின்மேலிருந்த சாசருக்குப் போனது. திறந்துவைத்த சன்னல்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. செலினா வந்து போன நாளில் மட்டும் திறந்தானா, வராத நாளிலும் திறந்தானா? கடற்கரையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு வருஷமும் வீடு ஏன் அவ்வளவு காற்றோட்டமாக இருந்தது?

செலினா கண் திறந்தாள். ஹெஸ்பாவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். டாக்டரின் பேனா கீறிக்கொண்டிருக்க, அந்த அறையில் இரண்டு பெண்கள் சத்தமில்லாமல் பேசினார்கள்.

"எத்தனை வருஷம்டி?" ஹெஸ்பாவின் உதடு கேட்டது.

"நீ கடலுக்குப் போற வாரம் மட்டும்தான்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

செலினா முக்காலியிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு அவளுடைய உதடு அவசரமாக அசைந்தது. "சொல்லிராதடி. இந்த ஆளு எழுதி அச்சுல வந்துட்டா ஏனோக் சாகாத மனுஷனாயிருவாரு. உலகமே நம்பும். நமக்கு ரெண்டு பேருக்குமே அவரு இருப்பாரு."

"நமக்கா?"

டாக்டர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "மிசஸ் கெர்ஷா, கடைசியா ஒரே ஒரு கேள்வி. உங்க பதிலை வச்சுத்தான் எல்லாம் நிக்கும். உயிரோட இருக்குற யாருக்காவது இந்தச் சொல்லு தெரிஞ்சிருக்க வழி உண்டா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். ஏனோக் எங்கேயோ இருப்பான், மூக்கை உயர்த்திக்கொண்டு. அவள் சாகும்வரை மாலைத் தேநீருக்கு எதிரே வந்து உட்காருவான். உண்டு என்றால் புருஷனும் போனான், புருஷனின் ஆவியும் போனது. அவள் எத்தனையோ மாலைகள் பேசிக்கொண்டிருந்தது வெறும் பித்தளையோடு என்றாகிவிடும்.

ஹெஸ்பா எழுந்தாள். கணப்பின்மேலிருந்து சாசரை எடுத்துவந்து செலினாவின் முன்னால் வைத்தாள்.

"இந்தா. அவரு உனக்கு வச்ச பேரு காஞ்சுபோகுது பாரு."

டாக்டர் சாசரைப் பார்த்தார். செலினாவைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"நீங்க எதுக்கு? வாயைத் திறந்து பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அவ பக்கத்துத் தறியில நின்னு நான் அந்த வாயை இருபது வருஷம் படிச்சேன்."

தாமார்தான் அழுதாள், அதுவும் சத்தமாக. செலினா சாசரைத் தொடாமல், அவிழ்ந்த கொண்டையோடு போய்விட்டாள். அடுத்த மாதமே வேறு ஊருக்குக் குடிபோனாள். அங்கே கடற்காற்று அடிக்கும் என்று கேள்வி. டாக்டரின் அறிக்கையில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

அன்று மாலை ஹெஸ்பா தேநீர் ஊற்றினாள். திறந்து கிடந்த பூட்டின் வளையங்களைக் கழற்றி, மாற்றிக் கோத்து, புதிதாக ஒரு சொல்லை வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த ஏனோக்கின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"இப்ப உங்க முறை. நீங்க இருக்கீங்கன்னா, என் சொல்லு என்னன்னு நீங்க கண்டுபிடிங்க. நிரூபிச்சுட்டு வீட்டுக்குள்ள வாங்க."

பிறகு புழக்கடைக்குப் போய் கரிக்கொட்டகையை அந்தப் பூட்டால் பூட்டினாள். உள்ளே அரை மூட்டை கரி இருந்தது. அதன்பின் அவள் கரியை வாங்கி அடுக்களை மேசைக்கு அடியில்தான் கொட்டிவைத்தாள். பனிக்காலத்தில் தாமார் வந்து, அந்தப் பூட்டை உடைக்கலாமே அக்கா என்று கெஞ்சினாள்.

"உடைக்காத. திறக்க ஆள் சொல்லிவிட்டிருக்கேன்."

அவள் சாகும்வரை உடைக்கவில்லை. அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லவும் இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே போனாள். எங்களில் ஒருத்தியாலும் படிக்க முடியவில்லை. வீடு இப்போது வேறு கைக்குப் போய்விட்டது. போன வாரம் அந்தப் பக்கம் நடந்தபோது வேலி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பூட்டு பச்சை பிடித்து, பூட்டியபடியே தொங்குகிறது.