சுகமாகவில்லை என்று சொன்னவள்

மாயம்மாளும் நானும் மட்டாஞ்சேரியில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருக்கிறோம். அவள் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்தபோது, பள்ளுருத்தித் தமிழ்ச் சபைக்காரர்கள்தான் வந்து அடக்கத்திலிருந்து அரிசி வரைக்கும் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே இயேசப்பாதான். நான் பகவதியைக் கும்பிடுகிறவள். அதில் எங்களுக்குள் சண்டை கிடையாது.

அவளுக்கு ஒரே மகள், மகா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தில் வால்வு கெட்டுப்போன பெண். ஆபரேஷனைத் தாங்கமாட்டாள், மாத்திரைதான் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாயம்மாள் உபவாசம் இருந்து ஜெபித்தாள். மாத்திரை மாற்றிய சமயம் மகாவின் கால் வீக்கம் வடிந்து முகம் தெளிந்தது. அவ்வளவுதான், இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும். மாயம்மாள் மைக்கைப் பிடித்து, "எம் மகளுக்குப் பூரண சுகம்" என்று அழுதிருக்கிறாள். கூட்டமே கைதட்டியதாம். மகாவையும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்களாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சுகமான பெண் வீட்டில் சும்மா இருக்கலாமா? இடப்பள்ளியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றே ஆக வேண்டிய வேலை. காலையில் என் வாசலைக் கடக்கும்போது, "போயிட்டு வரட்டே சேச்சி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நானும் நம்பித் தொலைத்தேன்.

மழை கொட்டிய ஒரு காலையில் வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் சுருண்டு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் சாக்ஸைக் கழற்றியபோது கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டதற்கு மகா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். நான்தான் அவளைத் திட்டினேன்.

"எடீ, வாயத் தொறந்து சொன்னா என்னடீ? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"அம்மா சபையில சொல்லிட்டாங்களே சேச்சி." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "மறுபடி வீங்கிச்சுன்னு தெரிஞ்சா, எல்லாரும் அம்மாவப் பொய்க்காரின்னு சொல்லமாட்டாங்களா?"

படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறது அந்தப் பிள்ளை. அம்மா விழித்துப் பார்த்தால், ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறது. மாயம்மாள் அழக்கூட இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாயம்மாள், "துணைக்கு வாக்கா, சபைக்குப் போகணும்" என்றாள்.

"பைத்தியமாடீ உனக்கு? இன்னும் அங்க என்ன இருக்கு?" என்று கத்தினேன். ஆனாலும் என் மகள் அம்பிளியை மகாவிடம் இருத்திவிட்டுப் போனேன்.

சாட்சி நேரத்தில் மாயம்மாள் எழுந்தாள்.

"எம் மகளுக்குச் சுகமாகல. நாந்தான் அவசரப்பட்டுச் சொன்னேன். அத மெய்யாக்க எம்புள்ள வேதனைய மறைச்சிருக்கா. கர்த்தர் அப்படிக் கேக்கலீங்க. அவரே சிலுவையில கதறினவருதான்."

கைதட்டல் இல்லை, அல்லேலூயா இல்லை. இப்படியொரு சாட்சியை அங்கே யாரும் கேட்டதில்லை. 'விசுவாசம் இல்லாத பேச்சு' என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். நான் திரும்பி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டாள். பாஸ்டர் இசக்கிதுரை மைக்கை வாங்கி வைத்துவிட்டு வேதப் புத்தகத்தைப் புரட்டினார்.

வார்டுக்குத் திரும்பியதும் மாயம்மாள் மகாவின் காதோரம் குனிந்து, "சொல்லிட்டேன்டி. சுகமாகலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனி நீ எதையும் மறைக்க வேண்டாம்" என்றாள்.

மகா அவளையே பார்த்தாள். பிறகு உதடு கோணியது. "அம்மா, பயமாருக்கும்மா. சாகப் பயமாருக்கு" என்று வாய்விட்டு அழுதாள்.

"எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம்."

கட்டிலில் ஏறி மகளை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். இயேசப்பா, எங்களுக்குப் பயமாருக்கு, எங்களுக்குப் பயமாருக்கு. அதே வார்த்தைதான், திரும்பத் திரும்ப. சுகம் கேட்கவில்லை, அற்புதம் கேட்கவில்லை. அழுகை மெல்ல அடங்கி மகா கண்ணயர்ந்தாள்.

வியாழக்கிழமை அதே நெஞ்சில் சாய்ந்தபடி போய்விட்டாள். என்னால் பொறுக்க முடியவில்லை. அடக்கம் முடிந்து, அந்த வாரமே மாயம்மாள் சபைக்குக் கிளம்பியபோது வழி மறித்தேன்.

"பெத்த ஒண்ணையும் எடுத்துக்கிட்டாரே, அவர்கிட்டயா போற?"

அவள் கோபப்படவில்லை. கண் வற்றிப்போயிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"நான் கைய விட்டப்ப அந்தப் பக்கம் புடிச்சுக்க ஒரு ஆள் வேணுமேக்கா. அவளுக்குத் தனியாப் போகப் பயம்."