திரும்பாத கழுத்து

என் மனைவியைத் தையல் கூடத்தில் எல்லோரும் 'டேப்பு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்காமல் கைக்குட்டைகூடத் தைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை ஆளைப் பார்க்காமல் தைத்தாள். அதோடு சினிமா வேலை போயிற்று.

சூப்பர் ஹீரோ படம் என்று இங்கே யாரும் எடுத்திராத காலம். மறுநாள் படப்பிடிப்பு, கதாநாயகன் அளவு கொடுக்க வரவே இல்லை. "அவரும் உங்க உயரம்தானாம்" என்று என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அளந்து, தலையிலிருந்து தோள்வரை ஒரே துண்டாகத் தடித்த தோலில் முகமூடி தைத்துவிட்டாள். உயரம் சரிதான். ஆனால் என்னுடையது ஒல்லியான கொக்குக் கழுத்து, அவருடையதோ தடித்த கழுத்து. மாட்டியதும் அந்த மனுஷனால் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. யார் கூப்பிட்டாலும் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்த்தார். வேறு தைக்க நேரமில்லாமல் அப்படியே எடுத்து முடித்தார்கள். இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படம் சக்கைப்போடு போட்டது. அவர் அப்படித் திரும்பும்போதெல்லாம் விசில் பறந்தது. பிறகு வந்த படங்களில் ஹீரோ என்றால் அப்படித்தான் திரும்பினான். இவள் மட்டும் டிவியில் அதைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். "அவருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்." இருபத்திரண்டு வருஷமாக இதே பாட்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "படம் ஓடினதே உன்னாலதான்டி" என்பேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்தே காலத்தை ஓட்டினாள்.

போன மாதம் ஒரு புதுப்படத்தின் உடையலங்கார அம்மா வீடு தேடி வந்தார், முகமூடி தைத்துத் தரச் சொல்லி. "ஆளு நேர்ல வந்து அளவு கொடுக்கணும். இல்லன்னா வேணாம்" என்றாள் இவள்.

அந்த நடிகர் வந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான ஆள். அவர் கழுத்தை மூன்று தரம் அளந்தாள்.

தைத்து முடித்ததும் எங்கள் கூடத்திலேயே மாட்டிப் பார்த்தார். "இங்க பாருங்க தம்பி" என்றாள். அவர் இடுப்போடு சேர்ந்து மொத்தமாகத் திரும்பினார். இவள் முகத்தில் ஈயாடவில்லை.

"கழட்டுங்க, பிரிச்சுத் தைச்சுடறேன்."

"வேணாங்க்கா, தாராளமா இருக்கு." கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். "நான்தான் திருப்பல. ஹீரோ இப்படித்தானே பார்ப்பான்? சின்ன வயசுல தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நாள் முழுக்க இப்படியே திரும்பிட்டிருப்பேன். நடிக்க வந்ததே அந்த ஆசையிலதான்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அது நான் பண்ண தப்பு தம்பி."

"எதுங்க்கா தப்பு?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நான் தடுக்கவில்லை.