மூன்றாம் அலமாரியின் வேல்

சபாபதிக் கிராணி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் கல்லூரி மண்டபத்தில் சனிக்கிழமைச் சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓடிவந்த அவருடைய பக்கத்து வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்தோம். "பேச்சு நடக்கறப்ப எமனே வந்தாலும் வெளியில நிக்கட்டும்" என்பது சபாபதி போட்ட சட்டம். பேச்சு முடிந்து கைதட்டிய பிறகுதான் அழுதோம்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கெழுதும் கிராணி வேலையோடு கல்லூரியின் அருங்காட்சி அறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. பேச்சு முடிந்ததும் கூட்டத்தை அங்கே அழைத்துப்போய், அலமாரி அலமாரியாகத் தமிழில் விளக்குவார். நான் பின்னால் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்துவேன். ஒருமுறை ரயில் பட்டறைக்காரர் ஒருவர் கண்ணாடியில் கை வைத்துவிட்டார். "எண்ணெய்க் கையை உங்க வீட்டுச் சுவத்துல தொடைங்க" என்றார் சபாபதி. அந்த மனிதர் பிறகு வரவே இல்லை. அன்று நானும் சிரித்தேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அஞ்சலைதான். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள். ஒரு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கூட்டத்தோடு வந்தவள், மூன்றாம் அலமாரி முன் நின்றுவிட்டாள். உள்ளே நாக்கில் குத்தும் சிறிய வெள்ளி வேல். 'தோட்டத்துத் துரை அன்பளிப்பு' என்று சீட்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் புருஷன் செத்துப்போனபோது துரை கைக்குப் போய்விட்ட அவனுடைய வேல் அது. வளைந்த நுனியைத் தோட்டத்துக் கொல்லர் நிமிர்த்திய தழும்பைக் காட்டினாள்.

"பத்துமலைக்கு மூணு வருசம் இதே வேலைக் குத்திக்கிட்டு வர்றேன்னு வேண்டிக்கிட்டாருங்க. ரெண்டுதான் ஆச்சு. மிச்சத்த எம் மவன் முடிக்கணும்."

சபாபதி அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் யாருக்கும் நாற்காலி கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை. எத்தனை நாள் விரதம், யார் குத்துவது, இரத்தம் நிற்க எதைப் பூசுவது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். வேல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அவளும் ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு பேனாவை மூடினார்.

"கொடுத்தவங்க கேட்டாத்தாம்மா திருப்பித் தருவோம். நீ கொடுக்கலியே."

அடுத்த மாதம் நேர்த்திக்கடனைப் பற்றி அவர் பேசியபோது மண்டபம் நிறைந்தது. எல்லாம் அவள் சொன்னதுதான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துரைக்கு ஒரு வரி எழுதிக் கேட்கலாமே என்றேன். "எழுதலாம். அப்புறம் அலமாரியில எதைய்யா வைக்கிறது?" என்றார். நான் அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். அவள் ஒவ்வொரு தைப்பூசத்துக்கு முன்பும் வந்து, பார்த்துவிட்டுப் போனாள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்தவர். அவர் போனது எனக்கு வலிக்கிறது.

அறைச் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது. போன வாரம் அஞ்சலை வந்தாள். தலை நரைத்திருந்தது.

"பெரியய்யா இல்லீங்களா?"

"தவறிட்டாரும்மா."

"நல்ல மனுசன். என்னைய உக்காரச் சொன்னவரு" என்றாள். பிறகு என் இடுப்பைப் பார்த்து, "அப்ப சாவி உங்ககிட்டதானுங்களே?" என்றாள்.

அவர் எனக்கு விட்டுப்போனது சாவி மட்டும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.

"கொடுத்தவங்க கேட்டாத்தாம்மா" என்றேன்.