ஈரத்தோட மடக்கப்பிடாது

வெயிலில் சூடேறிய நைலான் துணிக்குள் தலையை விட்டால் ஒரு வாசம் வரும். பாதி புதுச் செருப்பு, பாதி ஆற்று மணல், அதற்கும் அடியில் அப்பா ஸ்டவ்வில் பொரித்த மீனின் மிச்சம். எங்கள் வீட்டில் அந்த வாசத்துக்குப் பெயர் "டெண்டு". வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிற அப்பாக்கள் எல்லாம் டேப் ரெக்கார்டரும் போர்வையும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்த காலத்தில், இராஜாக்கமங்கலத்துப் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்கு மட்டும் நாலு பேர் படுக்கிற நீலக் கூடாரம் ஒன்று விமானம் ஏறி வந்தது. "இத வச்சு என்ன செய்ய, சந்தையில கடை போடவா?" என்றாள் அம்மா. "ஒரு நாளு உள்ள படுத்துப் பாத்துட்டுப் பேசுட்டி" என்றார் அப்பா.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம். எங்களுக்குக் கிடைத்த அப்பா அவ்வளவுதான். அதில் இரண்டு நாளை ஒதுக்கி, திற்பரப்புக்கு மேலே அவருடைய கூட்டுக்காரர் ஒருவரின் ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில் டெண்டு அடிப்போம். அம்மா துணியை இழுத்துப் பிடிக்க, அப்பா கம்புகளைக் கோத்து வளைப்பார்; முளைகளை அசையாமல் பிடிக்கிற வேலை என்னுடையது. "கைய மாத்தாத மக்கா, நான் உன் வெரலப் பாத்துதான் அடிக்கேன்" என்பார். "அதுதான் எனக்குப் பயமா கெடக்கு" என்பாள் அம்மா. ஒரு அடிகூட என் விரலில் பட்டதில்லை. அப்புறம் உள்ளே மூன்று பேரும் நெருக்கியடித்துப் படுத்தால், வீட்டில் தனி அறையில் தூங்குகிற அப்பா அங்கே என் தோளுக்கு ஒட்டிக் கிடப்பார். அதற்காகத்தான் எனக்கு அந்த டெண்டைப் பிடித்திருந்தது, வேறொன்றுக்கும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அதைக் கழுவி மொட்டைமாடிக் கொடியில் போடுவார். மடக்குவதில் அப்பாவுக்குப் பிடிவாதம் உண்டு. "ஈரத்தோட மடக்கப்பிடாது, கேட்டியா? சவம், உள்ளுக்குள்ளயே அழுவிப் போவும்." தையலோரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே சுருட்டிப் பரணில் ஏற்றுவார். அது ஏறிவிட்டால் கீழே பெட்டி இறங்கும். முந்திரிக்கொத்தும் கருவாடும் அதற்குள் போகும். அப்பா போய்விடுவார்.

நான்காம் வகுப்பு படிக்கையில், லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, "எப்பப்பா போவிய?" என்று கேட்டேன். "இந்த டெண்டு காஞ்சு பரண்ல ஏறாம நான் பிளேன் ஏறமாட்டேன்" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

காயாவிட்டால் போகமாட்டார் அல்லவா? தினமும் மத்தியானம் அம்மா கண் அயரும்போது ஒரு செம்புத் தண்ணீரோடு மாடியேறி, தையலோரம் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். சாயங்காலம் அப்பா தடவிப் பார்ப்பார். "என்ன சவம் இது, வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, காயல்லியே!" அம்மா, "நம்ம மாடியில மட்டும் மழை பெய்யுதோ என்னவோ" என்றாள். நான்காம் நாள் அப்பா என் பாவாடை விளிம்பைப் பார்த்தார். "இது எப்பிடி நனைஞ்சு?" "கை கழுவினேன்பா." என் தலையில் கையை வைத்து ஒருமுறை தடவிவிட்டுக் கீழே போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆறாம் நாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. ஜெபம் முடிந்து பெட்டி ஏறியது. டெண்டு மாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் காயல்லியே, நீங்க எப்பிடி போவிய?" என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்பா என் விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "காயவச்சு மடக்கி வையி மக்கா. அடுத்த லீவுக்கு நானே வந்து பிரிக்கேன்."

கார் திருப்பம் தாண்டியதும் மாடிக்கு ஓடினேன். ஏமாற்றிவிட்டாரே என்ற ஆத்திரத்தில் அந்த ஈரத் துணியை இழுத்து, காலால் மிதித்துச் சுருட்டி, நாற்காலி போட்டு ஏறிப் பரணில் திணித்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிதாக யாரைப் பழிவாங்கத் தெரியும்?

இரண்டு வருடம் கழித்து அப்பா வந்து பிரித்தபோது துணி முழுக்கக் கருப்புப் பூஞ்சை. அடிப்பாகம் அவர் கையோடு கிழிந்து வந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். "போட்டும் மக்கா, துணிதானே" என்றார். அதோடு சரி. அப்புறம் வந்த லீவுகளை வீட்டு வேலையும் என் பரீட்சைகளும் தின்றுவிட்டன. மூன்று பேரும் ஒட்டிப் படுக்கிற இடத்தை நானே அழுகவைத்தேன் என்பது இன்றும் நினைத்தால் வலிக்கிறது.

அப்பா வளைகுடாவை விட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது பெங்களூரிலிருந்து லீவுக்கு வருகிறவள் நான், அதுவும் பத்தே நாள். இந்த மே மாதம் கிளம்பும் அன்று மத்தியானம், முந்தின நாள் துவைத்த சுடிதாரை எடுக்க மாடிக்குப் போனால் அது சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மாவின் சேலை மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. கீழே வந்தேன். அப்பா நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் விளிம்பு நனைந்திருந்தது.

"காயல்லியா மக்கா?" என்றார், பேப்பரை இறக்காமலே. "ஈரத்தோட மடக்கப்பிடாது, கேட்டியா? நாளைக்குப் போனா போராதா?"

எனக்கு ரயில் இருந்தது. சுடிதாரைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அம்மா போனில் சொன்னாள்: "உன் துணிய அப்பா காயவச்சு, அவரே மடக்கி பீரோவுல வச்சிருக்காவ. பார்சல் அனுப்பட்டான்னு கேட்டா, வேண்டாங்காவ. அடுத்த லீவுக்கு நீயே வந்து பிரிக்கணுமாம்."