சாதாவா, டீலக்ஸா

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் ஏரியில் இறால் கொட்டியது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், நைனாவும் சித்தப்பாவும் கூட்டாக ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தார்கள். நைனா முன்பு மீன் லாரி ஓட்டியவர். ஓட்டுவது அவர் பொறுப்பு. எந்தக் கார் என்பதில்தான் தகராறு.

பொன்னேரி புரோக்கர் இரண்டு பத்மினி கார்களைக் கொண்டுவந்து, ரோட்டிலிருந்து எங்கள் குப்பத்துக்குப் பிரிகிற இடத்தில் நிறுத்தினார். இரண்டிலும் இன்ஜின் ஒன்றுதான். கியரும் ஸ்டியரிங்குக்குக் கீழேதான். சாதா வண்டியில் முன்னால் பெஞ்சு போல ஒரே நீள சீட்டு. டீலக்ஸில் அது இரண்டாகப் பிரிந்திருந்தது. கூடவே ரேடியோ, கதவோரம் பளபளக்கும் பட்டை, டிக்கியில் சாய்வாக ‘டீலக்ஸ்’ என்று இங்கிலீஷ் எழுத்து. சித்தப்பா அந்த எழுத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

“கல்யாணத்துக்கு வண்டி கேக்கறவன் இன்னா கேப்பான்? டீலக்ஸ் கீதான்னுதான் கேப்பான்.”

“ரேடியோவாடா வண்டி இழுக்குது? இதுல முன்னாலயே மூணு பேரு குந்தலாம்” என்றார் நைனா.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. புரோக்கர் அலுத்துப்போய், “வூட்டம்மாவ ஒரு வார்த்த கேளுங்களேன்” என்றார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். காரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று எல்லோருமே நினைத்தோம். அவளோ, “ரெண்டுலயும் ஏறிப் பாக்கலாம்” என்றாள்.

முதலில் டீலக்ஸ். பங்குக்காரர் என்ற உரிமையில் சித்தப்பா நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்; அம்மாவும் நானும் பின்னால். ரேடியோ கரகரத்தது. அம்மா முன்சீட்டுகளின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்து சாதா. சித்தப்பா முன்கதவில் கை வைக்கும்போதே அம்மா குறுக்கிட்டாள். “புள்ள முன்னால குந்தணும்னு அழுவுது. நானும் கூட குந்திப் புடிச்சிக்கறேன்.” நான் அழவேயில்லை. ஆனாலும் ஜன்னலோரம் கிடைத்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மா நடுவில் உட்கார்ந்தாள். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

இறங்கியதும், “இதுவே இருக்கட்டும். புள்ளைக்கு வசதியா கீது” என்றாள்.

சித்தப்பா கொஞ்ச நாள் எல்லோரையும் முறைத்துக்கொண்டே திரிந்தார். பிறகு சென்னைக்குப் போய், புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய ‘டீலக்ஸ்’ எழுத்து ஒன்றைத் தேடி வாங்கிவந்து எங்கள் சாதாவின் டிக்கியில் ஒட்டினார். முதல் கல்யாணத்தில் பெண்வீட்டார் அதை எழுத்துக்கூட்டிப் படித்துத் திருப்தியோடு தலையாட்டினார்கள். பிறகு முன்சீட்டிலேயே நாலு பேர் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். டீலக்ஸில் இது எப்படி முடிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. சித்தப்பாவின் கோபம் அன்றோடு போயிற்று.

வாடகை இல்லாத நாட்களில் பொன்னேரிக்கு மேட்னி ஷோ போவோம். தெருவில் நைனாவுக்குப் பின்னால் தள்ளியே நடப்பவள் அம்மா. பஸ்ஸிலும் அவள் பெண்கள் பக்கம், அவர் ஆண்கள் பக்கம். காரில் மட்டும் நான் ஜன்னலோரம், அம்மா நடுவில். எனக்காகவே வாங்கிய கார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் திரும்பி வரும்போது எனக்குத் தூக்கம் சொக்கியது.

“பின்னால போயி நல்லா நீட்டிப் படுத்துக்கோ” என்றாள் அம்மா.

சீட்டைத் தாண்டிப் போய்ப் படுத்தேன். முன்னால் ஜன்னலோரம் காலியாகிவிட்டது. இவ்வளவு இடம் இருக்கும்போது அம்மா ஏன் தள்ளி உட்காராமல் நடுவிலேயே நெருக்கிக்கொண்டு வருகிறாள் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.