செயின்மேன் கேட்ட அணிந்துரை

பழைய சர்வே பை ஒன்றிலிருந்து அந்தக் கையெழுத்துப் படியை எடுத்து, இரண்டு கைகளாலும் என் மேசை மேல் வைத்தார் அவர். நெய்வேலிச் சுரங்கத்தின் நில அளவைப் பிரிவில் நான் அதிகாரியாக இருந்த இருபது ஆண்டுகளும் எனக்குச் செயின்மேனாகப் பணிசெய்தவர். அளவுச் சங்கிலியின் மறுமுனை எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு நாவல் எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் புதுச்செய்தி.

"மர்ம வூட்டுக் கதைங்க சார். முன்னாடி ரெண்டு பக்கம் நீங்க எழுதிக் குடுத்தாத்தான் அச்சுக்குக் குடுப்பேன்" என்றார்.

நகரியத்து வாசகர் வட்டத்தில் நெடுங்காலமாகப் பேசிவருபவன் நான். பிழையுள்ள எதிலும் என் கையெழுத்து விழுந்ததில்லை என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயர் எளிதில் வந்ததன்று.

படித்தேன், ஏமாந்தேன். பாழடைந்த ஜமீன் மாளிகைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள் ஒரு பெண். காலையில் இருந்த அறை மாலையில் இருப்பதில்லை. அத்தியாயத்துக்கு ஒருமுறை கதவு தானாகத் திறக்கிறது. மின்னல் வெட்டாத பக்கமே இல்லை. கிழக்குத் தாழ்வாரத்தில் நாற்பது அடி நடப்பவள் மேற்குக் கிணற்றடியில் போய் நிற்கிறாள். பொறுக்கமாட்டாமல் வரைபடத்தாளை எடுத்து அந்த வீட்டை அளவுக்கு வரைந்தேன். சுற்றி அளந்துகொண்டே போனால் தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அந்த வீடு முடியவில்லை. மூன்று முறை வரைந்தும் சமையலறை கிணற்றுக்குள்தான் விழுந்தது.

மறுவாரம் வந்தவர் முன்னால் அந்தத் தாளை விரித்தேன்.

"இது மாய வூடு சார். எடம் மாறிக்கினே இருக்கும்."

"மாய வீடாவே இருக்கட்டும்பா. அளவு வேணாமா? இத்தனை வருஷம் என்கிட்ட வேலை பார்த்துட்டு இப்படியா எழுதுறது?"

அவர் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட பார்த்ததாலதான் சார் இப்படி எழுதினேன். கம்மாபுரம் பக்கம் நாம எத்தினி வூடு அளந்தோம்! ஒரு அங்குலம் பெசகல. அதுல ஒண்ணாவது அளந்த எடத்துல இப்ப இருக்குதா, சொல்லுங்க?"

சுரங்கத்துக்கு நிலமெடுப்பதற்காக நாங்கள் அளந்த அந்த வீடுகள் நின்ற இடத்தில் இப்போது சுரங்கப் பள்ளம். அளவுகளில் பிழையில்லை, அதில் எனக்கு ஐயமும் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கும் இந்த நாவலுக்கும் என்ன தொடர்பு என்பதை அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அணிந்துரை தர இயலாது என்று சொல்ல ஆயத்தமாக வைத்திருந்த வாக்கியம் மட்டும் எங்கோ போய்விட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மீண்டும் படித்தேன். மின்னல்கள் குறையவில்லை; அந்தப் பெண் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு தன் அறையைத் தேடும் பக்கத்தில் மட்டும் சற்று நேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்பது விளங்கவில்லை. நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார்.

"புடிச்சிருக்குதா சார்?"

"இல்லை."

"பரவால்ல. புடிக்கலன்னே எழுதுங்க. கையெழுத்து உங்களுதா இருந்தா போதும் சார்."

இன்று காலை எழுத உட்கார்ந்தேன். 'இந்நாவலில் வரும் வீடு எந்த அளவுக்கும் கட்டுப்படவில்லை' என்று முதல் வரி வந்தது. குறையாகத்தான் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது பாராட்டைப் போலவும் ஒலித்தது. அடித்துவிடலாம் என்று எடுத்த பேனாவை அந்த வரியின் மேல் வைக்காமல், தாளின் அடியில் கையெழுத்திட்டேன்.